அழித்த கோப்புகள் திரும்பி வந்தன: ஓவர்லே அடுக்குகளில் ஒரு நிகழ்வு ஆய்வு

மெமரி கார்டுகளை மாற்றிய மறுநாள் காலையில் முதல் புகார் வந்தது. குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் வெப்பநிலை அளக்கும் எங்கள் கருவி, அளவீடுகளைப் புதிய சர்வருக்கு ஒழுங்காக அனுப்பிக்கொண்டிருந்தது. கூடவே, பல மாதங்களுக்கு முன் நாங்கள் நிறுத்திவிட்ட பழைய சர்வரையும் விடாமல் தட்டிக்கொண்டிருந்தது. எச்சரிக்கை ஒலிக்கும் வெப்ப அளவும் பழையதற்கே திரும்பியிருந்தது. கிடங்குக்காரருக்கு சர்வர் விஷயம் தெரியாது. எச்சரிக்கை தவறான நேரத்தில் ஒலித்ததால்தான் அவர் கூப்பிட்டார்.

அப்போது நான் வேலை பார்த்தது ஒரு சிறிய நிறுவனத்தில். களத்தில் 20 கருவிகள் இருந்தன, எல்லாவற்றிலும் லினக்ஸ்தான். அடியில் ஸ்குவாஷ்எஃப்எஸ் என்ற கோப்பு முறை வடிவில், யாரும் எழுத முடியாத ஒரு மூல இமேஜ், அதாவது இயங்குதளம் முழுவதன் நகல். இது கீழ் அடுக்கு. அதன்மேல் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறையில் பகுதி ஒன்று, எழுதுவதற்கு. இது மேல் அடுக்கு. இரண்டையும் ஓவர்லேஎஃப்எஸ் ஒன்றாக்கி, ஒரே கோப்பு மரமாகக் காட்டும். மின்சாரம் திடீரென்று போனாலும் மூல இமேஜுக்குச் சேதம் வராது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. பழைய கார்டுகள் தேய்ந்துவிட்டதால் புதியவை போட்டோம். மூல இமேஜ் அதேதான். மேல் அடுக்கை மட்டும் டார் கட்டளையால் ஒரே கோப்பாகக் கட்டி, புதிய கார்டில் பிரித்து வைத்தோம்.

வேலையைச் செய்த தம்பியிடம் கேட்டேன். "அண்ணா, நான் எதையும் மாத்தலை. ரூட்டா இருந்து அப்படியே டார் போட்டு எடுத்தேன், அப்படியே பிரிச்சேன். ஒரு பிழைச் செய்திகூட வரலை" என்றார். ரூட் என்பது லினக்ஸில் எல்லா அனுமதியும் உள்ள பயனர். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதனால்தான் இந்த நிகழ்வை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதலில் பார்த்தவை

அளவீடுகளை அனுப்பும் நிரல், அமைப்புகளுக்கான ஈடிசி கோப்புறைக்குள் இருக்கும் ஒரு துணைக் கோப்புறையைத் திறந்து, அதிலுள்ள எல்லா அமைப்புக் கோப்புகளையும் பெயர் வரிசையில் படிக்கும். மூல இமேஜில் அங்கே 4 கோப்புகள் இருந்தன. சர்வர் மாறியபோது எங்கள் ஆட்கள் நேரில் போய் அந்த நான்கையும் அழித்துவிட்டு 2 புதிய கோப்புகளை வைத்தார்கள். அந்த இரண்டில் ஒன்றுக்குப் பழைய கோப்பு ஒன்றின் பெயரே இருந்தது, மற்றது புதுப் பெயர். கார்டு மாற்றுவதற்கு முந்தைய நாள்வரை கோப்புறையைத் திறந்தால் 2 கோப்புகள் தெரியும். மாற்றிய பிறகு 5 தெரிந்தன.

நான்கும் இரண்டும் ஆறு. ஐந்து எப்படி வந்தது? ஒரே பெயர் இரண்டு அடுக்கிலும் இருந்தால் மேலே இருப்பதுதான் தெரியும். ஆகவே பழைய கோப்புகளில் மூன்று திரும்பி வந்திருக்கின்றன, ஒன்று இன்னும் புதியதற்குப் பின்னால் மறைந்திருக்கிறது. இந்தக் கணக்கு போட்டதுமே ஒன்று தெளிவானது: மூல இமேஜிலிருந்துதான் அவை எட்டிப் பார்க்கின்றன, வேறு எங்கிருந்தும் வரவில்லை.

குழப்பம் அடுத்து வந்தது. அதே கருவியில், அதே நாளில், இரவு மறுதொடக்கத்துக்கான கிரான் கோப்பு (குறித்த நேரத்தில் ஒரு வேலையை ஓட்டச் சொல்லும் அட்டவணை) ஒன்றையும் அழித்திருந்தார்கள். அதுவும் மூல இமேஜில் இருந்த கோப்புதான். ஆனால் அது திரும்பி வரவில்லை! அழித்ததெல்லாம் திரும்பியிருந்தால் "மேல் அடுக்கு சரியாகப் பிரியவில்லை" என்று முடித்திருக்கலாம். ஒரு அழிப்பு நிலைத்திருக்கிறது, இன்னொன்று தொலைந்திருக்கிறது. மற்ற கருவிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 20-ல் 7 கருவிகளில் மட்டுமே கோளாறு. மீதி 13-ம் அதே இமேஜ், அதே டார் கட்டளை, அதே புதிய கார்டு. அங்கே பழைய கோப்புகள் தலைகாட்டவே இல்லை.

கெட்டுப்போன கார்டு, பாதியில் நின்ற நகல், தவறான இமேஜ் என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு ஒரு நாள் போனது. அந்த நாளை விவரிப்பதில் பயன் இல்லை. விடை இருந்தது வேறு இடத்தில்: ஓவர்லேஎஃப்எஸ் "இங்கே ஒன்றும் இல்லை" என்பதை எப்படி எழுதிவைக்கிறது என்பதில்.

இல்லாமையை எழுதும் இரண்டு முறைகள்

கீழ் அடுக்கில் எழுத முடியாது. அங்கிருக்கும் கோப்பை ஒருவர் அழித்தால், கோப்பு உண்மையில் எங்கும் போவதில்லை. அது அழிக்கப்பட்டது என்ற குறிப்பு மேல் அடுக்கில் எழுதப்படுகிறது. அதாவது அடுக்குக் கோப்பு முறையில் அழித்தல் என்பதும் ஒரு எழுத்துதான். இடத்தைக் காலிசெய்வதில்லை, புதிதாக ஒன்றைச் சேர்க்கிறது.

தனிக் கோப்பு ஒன்றை அழித்தால், அதே பெயரில் மேல் அடுக்கில் ஒரு சாதனக் கோப்பு, அதாவது வன்பொருள் சாதனத்தைக் குறிக்க லினக்ஸ் வைத்திருக்கும் சிறப்பு வகைக் கோப்பு, உருவாகும். எழுத்து வகைச் சாதனம், எண் 0, 0. உண்மையான எந்தச் சாதனத்துக்கும் அந்த எண் கிடையாது என்பதால் அதையே அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். இதற்கு வொயிட்அவுட் என்று பெயர். கோப்புறையைப் பட்டியலிடும்போது லினக்ஸின் மையமான கெர்னல் இதைப் பார்த்தால், இதையும் காட்டாது, கீழே அதே பெயரில் இருப்பதையும் காட்டாது.

கோப்புறை என்று வரும்போது கதை மாறுகிறது. மேலும் கீழும் ஒரே பெயரில் கோப்புறை இருந்தால், கோப்பைப்போல மேலது கீழதை மறைத்துவிடாது. இரண்டும் கலந்து ஒன்றாகத் தெரியும். முதலில் மேல் அடுக்கின் பெயர்களை எடுத்துக்கொண்டு, அதில் இல்லாத பெயர்களைக் கீழ் அடுக்கிலிருந்து சேர்த்து ஒரே பட்டியலாகத் தருகிறது கெர்னல். உரிமையாளர், அனுமதி, நேரம் எல்லாம் மேல் கோப்புறையுடையவை. கீழ்க் கோப்புறையின் அந்த விவரங்கள் வெளியே தெரியாது.

சரி, ஒரு கோப்புறையை முழுதாக அழித்துவிட்டு அதே பெயரில் புதிதாக ஒன்றை உருவாக்கினால்? புதியது காலியாகத்தானே இருக்க வேண்டும். கலக்கும் விதியை அப்படியே விட்டால் கீழே இருக்கும் பழைய கோப்புகள் எல்லாம் உள்ளே வந்து நிற்கும். அதைத் தடுக்க, புதிய கோப்புறையின்மேல் ஒரு நீட்டிப்புப் பண்பு, அதாவது கோப்போடு சேர்த்து வைக்கும் ஒரு சிறு குறிப்பு, ஒட்டப்படுகிறது. அதன் பெயர் "டிரஸ்டட்.ஓவர்லே.ஒபேக்", மதிப்பு "ஒய்" என்ற ஒற்றை எழுத்து. இந்தப் பண்பு இருந்தால் கெர்னல் அந்தக் கோப்புறைக்குக் கீழே எட்டிப் பார்ப்பதே இல்லை.

வாசலில் கோலம் போடுவதை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். நேற்றைய கோலத்தில் ஒரு இழையை மட்டும் விரலால் தேய்த்து மறைப்பது வொயிட்அவுட். சாணம் கரைத்து வாசல் முழுவதையும் மெழுகிவிட்டுப் புதிதாகப் புள்ளி வைப்பது ஒபேக். மெழுகிய பூச்சு உரிந்துபோனால் நேற்றைய கோலம் இன்றையதற்கு ஊடே தெரியும்.

எங்கள் 7 கருவிகளில் உரிந்துபோனது அந்தப் பூச்சுதான்.

ஏன் 7 மட்டும்

சர்வர் மாற்றத்தின்போது களத்துக்குப் போனவர்கள் இருவர். ஒருவர் கோப்புறைக்குள் சென்று, அதிலிருந்த கோப்புகளை அழித்துவிட்டுப் புதியவற்றை வைத்தார். மற்றவர் கோப்புறையையே அழித்து, அதே பெயரில் புதிதாக உருவாக்கி, அதில் வைத்தார். வேலை முடிந்தபின் திரையில் பார்த்தால் இரண்டுக்கும் துளி வித்தியாசம் கிடையாது. இருவருக்கும் 2 கோப்புகள்தான் தெரிந்தன.

வட்டில் பதிந்தவை வேறு. முதலாமவர் செய்த கருவிகளில் கோப்புறை இன்னும் கலந்த கோப்புறைதான். திரும்ப எழுதப்படாத 3 பழைய பெயர்களுக்கும் 3 வொயிட்அவுட் உள்ளே இருந்தன. இரண்டாமவர் செய்தவற்றில் ஒரு வொயிட்அவுட்கூட இல்லை. கோப்புறையின்மேல் ஒரு ஒபேக் பண்பு மட்டும்.

இப்போது டார் என்ன செய்தது என்று பாருங்கள். ரூட் அனுமதியோடு ஓடும் டாருக்கு சாதனக் கோப்புகள் பழக்கமானவை. அவற்றை எண்ணோடு எடுத்து, எண்ணோடு திரும்ப உருவாக்கும். ஆகவே எல்லா வொயிட்அவுட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. கிரான் கோப்பு திரும்பி வராததும் அதனால்தான். ஆனால் நீட்டிப்புப் பண்புகளை, தனியாகச் சொன்னால் ஒழிய, க்னூ டார் (நாங்கள் பயன்படுத்திய டார்) எடுப்பதில்லை. ஒபேக் பண்பு டார் கட்டிய காப்பகத்துக்குள் ஏறவே இல்லை. டாருக்கு இது பிழை அல்ல, வழக்கமான நடத்தை. தம்பிக்குச் செய்தி ஒன்றும் வராததில் வியப்பில்லை.

தடயம் கண்ணெதிரே இருந்தது

பண்பு தொலைந்திருக்கலாம் என்ற ஊகம் வந்ததும், பண்புகளைக் காட்டும் கெட்ஃபேட்டர் கட்டளையால் சோதித்தேன். ஒன்றும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு பழைய கார்டிலும் சோதித்தேன். அங்கும் ஒன்றும் இல்லை! ஊகமே தவறு என்று கைவிடப் பார்த்தேன். இரண்டு வலைகளில் ஒரே நேரத்தில் சிக்கியிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது.

கெட்ஃபேட்டர் தானாக "யூசர்" என்று தொடங்கும் பண்புகளை மட்டுமே காட்டும். "டிரஸ்டட்" வகையைப் பார்க்க, எல்லாப் பெயர்களையும் காட்டு என்று தனியாகச் சொல்ல வேண்டும், ரூட் அனுமதியும் வேண்டும். அப்புறம், நான் சோதித்தது ஒன்றாகக் கலந்து தெரியும் கோப்பு மரத்தின் வழியாக. ஓவர்லே தன் சொந்தக் குறிப்புகளை அந்த வழியில் யாருக்கும் காட்டாது, ரூட்டுக்கும் காட்டாது. மேல் அடுக்கு இருக்கும் பகுதியைத் தனியாக மவுண்ட் செய்து (கோப்பு மரத்தில் இணைத்து), அங்கே நேராகப் பார்க்க வேண்டும். கார்டைக் கழற்றி என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தபோது பழைய கார்டில் "ஒய்" இருந்தது, புதியதில் இல்லை.

இதைவிடச் சுலபமான தடயம் ஒன்று முதல் நாளிலிருந்தே எங்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. கோப்புறையின் விவரங்களை நீளமாகப் பட்டியலிட்டால், அனுமதிகளுக்குப் பக்கத்தில் இணைப்பு எண்ணிக்கை என்று ஒரு எண் வரும். எக்ஸ்ட்4-இல் ஒரு சாதாரணக் கோப்புறைக்கு அது குறைந்தது 2. கலந்த கோப்புறைக்கு ஓவர்லே எப்போதும் 1 என்றே சொல்லும். மேலும் கீழும் உள்ள துணைக் கோப்புறைகளைக் கூட்டிச் சரியான எண்ணைத் தருவது வீண் வேலை என்று விட்டுவிட்டார்கள். 1 என்று சொன்னால் ஃபைண்ட் போன்ற கோப்பு தேடும் கட்டளைகள் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடாமல் முழுதாகத் தேடிக்கொள்ளும்.

இதனால் நமக்கு ஒரு நல்ல கருவி கிடைக்கிறது. ஒபேக் ஆன கோப்புறை கீழே பார்ப்பதில்லை, ஆகவே அது கலந்த கோப்புறை அல்ல. அதன் எண் 2 அல்லது அதற்கு மேல். எங்கள் 7 கருவிகளில் கார்டு மாற்றுவதற்கு முன் எடுத்திருந்த பட்டியல்களில் 2 என்று இருந்தது. மாற்றிய பின் 1. மீதி 13-இல் முன்பும் 1, பின்பும் 1. ரூட் வேண்டாம், கார்டைக் கழற்ற வேண்டாம். அந்த ஒரு எண்ணைப் பார்த்திருந்தால் போதும்.

ஏன் இப்படி வடிவமைத்தார்கள்

இந்த நிகழ்வுக்குப் பிறகு எனக்குத் தீராத ஒரு கேள்வி இருந்தது. மறைப்புக் குறிப்பை ஏன் இப்படி எளிதில் தொலையும் ஒரு பண்பில் வைக்க வேண்டும்? கோப்பாகவே வைத்திருக்கக் கூடாதா?

வைத்தவர்களும் உண்டு. 2006-இல் வந்த ஏயூஎஃப்எஸ் என்ற இன்னொரு அடுக்குக் கோப்பு முறை, மறைக்க வேண்டிய பெயருக்கு முன்னால் "புள்ளி டபிள்யூஎச் புள்ளி" என்று சேர்த்து ஒரு கோப்பை வைக்கும். முழுக் கோப்புறையையும் மறைக்க, அதற்கென்றே ஒரு தனிப் பெயரில் இன்னொரு கோப்பு. இதில் எதுவும் தொலையாது, டார், ஜிப், எதில் போட்டாலும் போய்ச் சேரும். விலை என்னவென்றால், அந்த முன்னொட்டோடு தொடங்கும் பெயரைப் பயனர் தன் கோப்புக்கு வைக்க முடியாது. பெயர்வெளியில் ஒரு மூலையை வேலி போட்டு எடுத்துக்கொள்கிறது.

ஓவர்லேஎஃப்எஸ்ஸை எழுதிய மிக்லோஷ் ஸெரெடி அந்த வேலியைப் போடவில்லை. பயனருக்கு எல்லாப் பெயர்களும் கிடைக்கும். லினக்ஸ் கெர்னலின் 3.18 பதிப்பில், 2014 டிசம்பரில், அது சேர்ந்தது. இன்னொரு நன்மையும் அந்த வடிவமைப்பில் இருக்கிறது. அழித்த பெயரில் புதிய கோப்புறை உருவாகும்போது, அதை முதலில் வேலைக்கென்று ஒதுக்கிய தனி இடத்தில் தயார் செய்து, ஒபேக் பண்பையும் ஒட்டிவிட்டு, அப்புறம் ஒரே நகர்வில் அதன் இடத்துக்குக் கொண்டுவருகிறது. பழைய கோப்புகள் ஒரு கணம்கூட வெளியே தெரியாது, நடுவில் மின்சாரம் போனாலும் அரைகுறை நிலை வராது. எங்களைப் போன்று மின்சாரம் நம்ப முடியாத இடங்களில் கருவி வைப்பவர்களுக்கு இது பெரிய விஷயம்.

நிரலையும் அதற்குத் தேவையான கோப்புகளையும் ஒரே பொதியாக்கி ஓட்டும் டாக்கர் போன்ற கண்டெய்னர் உலகம் இதில் எடுத்த முடிவு என்னைக் கவர்ந்தது. ஓடும்போது ஓவர்லே, அனுப்பும்போது டார். இமேஜ் அடுக்குகளை டார் கோப்பாகக் கட்டும்போது வொயிட்அவுட்டும் ஒபேக்கும் ஏயூஎஃப்எஸ்ஸின் பழைய பெயர் முறைக்கு மாற்றப்படுகின்றன. மறுமுனையில் பிரிக்கும்போது சாதனக் கோப்பாகவும் பண்பாகவும் திரும்ப மாற்றப்படுகின்றன. கண்டெய்னர் இமேஜ்களுக்கான பொது விதிமுறையான ஓசிஐ ஒரு படி மேலே போய், கோப்புறை முழுவதற்கும் ஒரே ஒபேக் குறி போடுவதைவிட ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனி வொயிட்அவுட் போடுவதையே பரிந்துரைக்கிறது. வாங்கும் பக்கம் இரண்டையும் ஏற்க வேண்டும். பயணத்தில் எது தாங்கும் என்று யோசித்து எழுதிய விதி இது என்றே நான் நினைக்கிறேன். நாங்கள் அந்த மாற்றும் படியே இல்லாமல், மேல் அடுக்கைப் பச்சையாக டாரில் போட்டோம்.

சரிசெய்ததும், இரண்டாவது சறுக்கலும்

பழைய கார்டுகளைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று. நீட்டிப்புப் பண்புகளையும் எடு என்று டாருக்குச் சொல்லி, மறுபடி கட்டினோம். அதே விருப்பத்தைக் கொடுத்துப் பிரித்தோம். கருவியைத் தொடங்கினால் மறுபடியும் 5 கோப்புகள்.

காப்பகத்தை விரிவாகப் பட்டியலிட்டுப் பார்த்தேன். ஒபேக் பண்பு உள்ளே இருக்கிறது. ஆனால் பிரித்த இடத்தில் இல்லை. காரணம்: க்னூ டார் கட்டும்போது எல்லா வகைப் பண்புகளையும் எடுத்துக்கொள்கிறது. பிரிக்கும்போது, தனியாகச் சொல்லாவிட்டால், "யூசர்" வகையை மட்டும் திரும்ப எழுதுகிறது. பிரிக்கும் கட்டளையில் எல்லா வகைகளையும் சேர்த்துக்கொள் என்று இன்னொரு விருப்பம் கொடுக்க வேண்டும். கொடுத்தோம், சரியானது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையைப் பயன்படுத்துபவர்களும் கவனிக்க வேண்டியது உண்டு. பலரும் கண்ணை மூடிக்கொண்டு போடும் சிறிய "ஏ" விருப்பத்தில் சாதனக் கோப்புகள் அடங்கும், நீட்டிப்புப் பண்புகள் அடங்காது. அதற்குப் பெரிய "எக்ஸ்" தனியாக வேண்டும். ஆகவே எங்களுக்கு நேர்ந்ததே அங்கும் அச்சு அசலாக நேரும்.

2 கருவிகளின் பழைய கார்டுகள் படிக்க முடியாத நிலையில் இருந்தன. அவற்றுக்கு, ஓடும் கருவியிலேயே, புதிய கோப்புகளை வெளியே நகல் எடுத்துவிட்டு, கோப்புறையை அழித்து மறுபடி உருவாக்கினோம். ஓவர்லேவே ஒபேக் பண்பை எழுதிக்கொண்டது. மேல் அடுக்கில் கையால் பண்பை ஒட்டவும் முடியும், ஆனால் ஓவர்லே மவுண்ட் ஆகியிருக்கும்போது அடியிலிருக்கும் அடுக்குகளில் கை வைத்தால் என்ன தெரியும் என்பதற்குக் கெர்னல் எந்த உறுதியும் தருவதில்லை. கழற்றிய நிலையில்தான் அதைச் செய்ய வேண்டும்.

இதே டார் வேறு என்னவெல்லாம் செய்திருக்கும் என்று யோசித்தபோது வயிறு கலங்கியது. கீழ் அடுக்கிலிருந்து வந்த கோப்புறையின் பெயரை மாற்ற முயன்றால் ஓவர்லே இயல்பாக மறுத்துவிடும். இரண்டும் வேறு வேறு வட்டுகள் என்பதுபோல ஒரு பிழையைத் தரும். நகர்த்தும் கட்டளை அதைப் பார்த்துவிட்டு, அமைதியாக நகல் எடுத்து மூலத்தை அழிக்கும். கெர்னல் 4.10-இல் வந்த திசைமாற்று வசதியை இயக்கியிருந்தால் பெயர் மாற்றம் உடனே நடக்கும். பழைய பெயர் என்ன என்பது இன்னொரு நீட்டிப்புப் பண்பில் பதியும். அந்தப் பண்பு தொலைந்தால் எங்களுக்கு நடந்ததற்கு நேர் எதிரானது நடக்கும். புதிய பெயருக்குக் கீழ் அடுக்கில் எதுவும் இல்லை, பழைய பெயரையோ வொயிட்அவுட் மறைக்கிறது. கோப்புறை இருக்கும், கீழ் அடுக்கிலிருந்து அதற்குள் தெரிந்தவை எல்லாம் காணாமல் போயிருக்கும். எங்கள் கருவிகளில் அந்த வசதி இயக்கப்படவில்லை.

இப்போது நகல் எடுக்கும் எங்கள் ஸ்கிரிப்டில் இரண்டு சோதனைகள் இருக்கின்றன. மேல் அடுக்கில் ஒபேக் பண்புள்ள கோப்புறைகளை எண்ணி, நகலிலும் அதே எண் வருகிறதா என்று பார்க்கும். பிறகு கருவி தொடங்கியதும், கலந்த மரம் முழுவதன் பெயர்ப் பட்டியலையும் முந்தைய கார்டில் எடுத்த பட்டியலோடு ஒப்பிடும். முதல் சோதனை நகல் சரியா என்று சொல்கிறது, இரண்டாவது கருவி எதைப் பார்க்கிறது என்று சொல்கிறது. அடுத்த முறை கார்டுகளை மாற்றியபோது அந்தத் தம்பியே இரண்டையும் ஓட்டிவிட்டு, 20 பட்டியல்களையும் எனக்கு அனுப்பினார். ஒரு வரிகூட மாறவில்லை.